அறுபது விழுக்காடு போதுமா?



பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டால், வீட்டில் எழும் முதல் பேச்சு வண்டி ஓட்டும் உரிமம் பற்றியதாகவே இருக்கின்றது. பழகுநர் உரிமத் தேர்வின் வினா விடைகளை இரண்டே நாளில் ஒப்புவித்துவிடுகின்றனர். மனனம் செய்வதில் நம் பிள்ளைகள் வல்லவர்களே. ஆயினும், பொருளறியா மனனம் சாலையில் துணை வருமா?

சாலைக் குறியீடுகள், சாலை விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா இருப்புப்பாதைக் கடவையில் கொள்ளவேண்டிய எச்சரிக்கை, உடன் வைத்திருக்கவேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். 60 விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆனால், விடுபட்ட 40 விழுக்காட்டில்தான் ஓர் உயிரைக் காக்கும் விடை இருந்தது என்றால்?

ஆகவே, காரணத்துடன் கற்பியுங்கள். சிவப்பு விளிம்பிட்ட வட்டம் தடை, நீல வட்டம் கட்டாயம், முக்கோணம் எச்சரிக்கை. 'நில்' என்பதற்கு மட்டும் எண்கோணம், 'வழிவிடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணம். ஏன்? புழுதி படிந்து எழுத்து மறைந்தாலும் வடிவமே பேசவேண்டும் என்பதற்காக! எண்ணூர்ச் சாலையில் செல்வோருக்கு இதன் அருமை புரியும்.

இராயபுரம், திருவொற்றியூர்ச் சாலைகளில் நம் பிள்ளைகள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் பழகவேண்டியுள்ளது. லாரி இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வாரா. உட்புறமாக ஒதுங்கி வரும். உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சிறு வண்டி தெரியாமலும் போகலாம். இடப்பக்கம் முந்தாதே என்று சொல்வதோடு நில்லாமல், இதையும் விளக்குங்கள்.

பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பின்பே நிலையான உரிமம் கோரலாம். அதுவரை சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை கட்டாயம். மோட்டார் சைக்கிளில், உரிமம் பெற்ற பயிற்றுநரைத் தவிர வேறெவரையும் ஏற்றலாகாது. தங்கையைப் பள்ளியில் விடுவதும் இதில் அடங்கும்.

பெற்றோர்களே, நமக்கும் ஒரு வினா உண்டு. வயது வராத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து, அவன் குற்றமிழைத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெறவும் இயலாது.

இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரேயொரு வினா கேளுங்கள்: "உன் வண்டியால் ஒருவர் அடிபட்டால் என்ன செய்வாய்?" அடிபட்டவரை மருத்துவரிடம் சேர்ப்பதும் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் சட்டம் இட்ட கடமை. இவ்விடை அவன் வாயிலிருந்து தயக்கமின்றி வந்த பிறகு, தேர்வுக்கு அனுப்புங்கள்.