வேகமா, வெப்பமா?



"பிராசசரை ஓவர்கிளாக் செய்தால் மடிக்கணினி பறக்கும்" என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருக்கலாம். பிராசசர் கணினியின் மூளை. ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப அது வேலை செய்கிறது. 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 300 கோடி துடிப்புகள். உற்பத்தியாளர் குறித்த எல்லைக்கு மேல் இத்துடிப்பை உயர்த்துவதே ஓவர்கிளாக் எனப்படுகிறது. கடலூரிலோ சிதம்பரத்திலோ வாழும் ஒரு மாணவர் இதைச் செய்து பார்க்கலாமா? மடிக்கணினியில் வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

பிராசசர் செலவிடும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அந்த வெப்பம் துடிப்பின் வேகத்தையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்டினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1 × 1.1 × 1.1 = 1.33. அதாவது வேகம் பத்து சதவீதம் கூட, வெப்பம் முப்பத்து மூன்று சதவீதம் கூடிவிடுகிறது! 30 வாட் 40 வாட் ஆகிறது.

"40 வாட் என்ன பெரிது? குண்டு பல்பு அளவுதானே?" என்று கேட்பீர்கள். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. இருக்கும். சதுர செ.மீ.க்கு 5 வாட். ஒன்றரை சதுர செ.மீ. பிராசசரில் 30 வாட் என்றால் சதுர செ.மீ.க்கு 20 வாட். இஸ்திரிப் பெட்டியைப் போல நான்கு மடங்கு!

இனி நம் ஊர் வெயிலுக்கு வருவோம். ஒவ்வொரு வாட்டுக்கும் பிராசசர் அறைக்காற்றைவிட 1.8 டிகிரி சூடேறுவதாகக் கொள்வோம். குளிர்ந்த நாட்டு அறையில் 25 டிகிரி. அங்கே 30 வாட்டுக்கு 79 டிகிரி, 40 வாட்டுக்கு 97 டிகிரி. எப்படியோ தப்பிக்கிறது. கத்திரி வெயிலில் நம் அறை 36 டிகிரி என்றால் முதலில் 90. ஓவர்கிளாக் செய்தபின் 108! ஆனால் பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரும்பாடுபட்டு ஏற்றிய வேகம் கைக்கு எட்டாமல் போகிறது.

விசிறிக்கு நேரே வைத்தால் போதாதா? விசிறி நம் வியர்வையை உலர்த்துவதால் நமக்குக் குளிர்கிறது. மடிக்கணினிக்கு வியர்வை ஏது? காற்று வீச்சு அதன் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும். ஆனால் அறைக்காற்றைவிடக் குளிரச் செய்ய எந்த விசிறியாலும் இயலாது.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதியை வெளியேற்றவே குளிர்விப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. எந்த எந்திரமானாலும் வெப்பத்தை வெளியேற்றும் திறனே அதன் உழைப்புக்கு எல்லை. மடிக்கணினிக்கோ கோபுரத்துக்குப் பதில் விரல் பருமனே உள்ள மெல்லிய இடந்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இந்த எல்லைக்குப் பணிந்துள்ளன. 2004இல் இன்டெல் நிறுவனம் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டு, ஒரே சில்லில் பல மூளைகளை வைக்கும் வழிக்குத் திரும்பியது. அப்படியானால் சாதனைகள்? 2011இல் ஏ.எம்.டி. பிராசசர் ஒன்றை 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டியது உண்மைதான். அதற்குத் திரவ ஹீலியம் தேவைப்பட்டது! அந்த ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆயினும் வீட்டிலுள்ள ஒரே மடிக்கணினி சோதனைச்சாலைப் பொருளன்று. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினிதான் பல வீடுகளின் முதல் கணினி. அண்ணனுக்கு வந்ததில் தங்கையும் படிக்கிறாள். அதன் பாட்டரி, வெப்பம் மிக மிக விரைவில் மூப்படையும்.

ஆராயும் ஆவலைக் கைவிட வேண்டியதில்லை; திசையை மாற்றுங்கள். அதே வேகத்தில் மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைக்க முடிந்தால் 0.9 × 0.9 = 0.81, வெப்பம் 19 சதவீதம் குறையும். பல மடிக்கணினிகளில் இவ்வசதி பூட்டப்பட்டிருக்கும்; இருந்தாலும் மிகையாகக் குறைத்தால் கணினி நின்றுவிடும். கவலை வேண்டாம். பெரும்பாலான கணினிகளின் மின்சார அமைப்பில் உச்ச வேகத்தைச் சற்றுக் குறைக்கலாம். மெத்தையில் வைக்காமல் மேசையில், பின்பக்கம் இரண்டு மரக்கட்டை கொடுத்து உயர்த்தி வையுங்கள். காற்றுத் துளைகளில் அடைந்த தூசியை, கணினியை அணைத்துவிட்டு, மென்மையான தூரிகையால் அகற்றுங்கள்.

வெப்பநிலை காட்டும் மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து, அறை வெப்பநிலையுடன் நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கையில் ஓர் ஆய்வு அட்டவணை இருக்கும். அதை வகுப்பில் காட்டி, நண்பர்களின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்களேன்!