சாரலுக்கு வாற அண்ணாச்சிமாருக்கு ஒரு வார்த்தை

தென்காசிப் பக்கம் ஒரு பிள்ள பி.எஸ்ஸி பிஸிக்ஸ் சேர்ந்திருக்குன்னு சொன்னா, சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி, "ஏன், இன்ஜினியரிங் கிடைக்கலையா?" அடுத்து அறிவுரையும் ரெடியா இருக்கும். "முடிச்சதும் பி.எட் போட்டுரு. இல்லேன்னா பேங்க் பரீட்சைக்குப் படி." இந்த ரெண்டுலயும் குறை ஒண்ணும் இல்லைங்க. (எனக்கு பிஸிக்ஸ் புரிய வச்சவரே ஒரு பி.எட் வாத்தியார்தான்.) என் ஆதங்கம் வேற. மூணாவதா ஒரு வழி இருக்குன்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆள் இல்ல. சொன்னாலும் நேரம் தாண்டித்தான் சொல்லுதாங்க.

ஜாம் தேர்வையே எடுத்துக்குவோம். ஐ.ஐ.டி.கள்ல எம்.எஸ்ஸி சேர எழுதுற நுழைவுத் தேர்வு. பரீட்சை நடக்குறது பிப்ரவரியில. ஆனா விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர்லயே முடிஞ்சிரும். நம்ம பிள்ளைங்க "அடுத்து என்ன?"ன்னு யோசிக்கிறது எப்போ? கடைசி செமஸ்டர் முடிஞ்சு, ஏப்ரல், மே மாசத்துல. அவ்வளவுதான், ஒரு வருஷம் போச்சு. பொம்பளப் பிள்ளைன்னா அந்த ஒரு வருஷத்துக்குள்ள வீட்டுல ஜாதகத்தக் கையில எடுத்துருவாங்க. எங்க தெருப் பொண்ணு ஒண்ணுக்கு இதேதான் ஆச்சு. வகுப்புல முதல் மார்க் வாங்குற பொண்ணு. ஜாம்னு ஒண்ணு இருக்குறதே டிகிரி முடிச்ச பிறகுதான் அதுக்குத் தெரியும்.

தேதி மட்டும் தெரிஞ்சாலும் பத்தாது. அந்தப் பரீட்சை 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். பக்கம் பக்கமா டிரைவேஷன் எழுதுற வேலை இல்ல. சில கேள்விக்கு ஒண்ணுக்கு மேல சரியான விடை இருக்கும். சிலதுக்கு ஆப்ஷனே கிடையாது, கணக்குப் போட்டு எண்ணை நாமளே டைப் பண்ணணும். டிரைவேஷனை அப்படியே மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுப் பழகின பிள்ளைய திடீர்னு அங்க கொண்டுபோய் உக்கார வச்சா முழிக்கத்தான் செய்யும். புத்தி இல்லாம இல்ல, பழக்கம் இல்ல. ரெண்டாம் வருஷம் தொடங்கும்போதே ஒருத்தர் "தினம் ரெண்டு கணக்குப் போடு"ன்னு சொல்லியிருந்தா கதையே வேற.

"அதான் கேரியர் கைடன்ஸ் நடத்துறாங்களே"ன்னு கேப்பீங்க. நானும் ஒண்ணு ரெண்டு பாத்திருக்கேன். வெளியூர்ல இருந்து ஒருத்தர் வருவார், அப்துல் கலாம் படத்தைத் திரையில போட்டு "கனவு காணுங்கள்"னு ஒரு மணி நேரம் முழங்குவார். பிள்ளைங்க கை தட்டும். எந்தப் பரீட்சை, எந்த மாசம், எந்தப் புஸ்தகம்? மூச்... ஒரு வார்த்தை வராது.

வழிகாட்டின்னா வருஷக்கணக்கா கூடவே நடக்கணும்னு இல்ல. 1928ல ஜெர்மனியில இருந்து சோமர்ஃபெல்ட் மெட்ராஸுக்கு வந்தார். பிரசிடென்சி கல்லூரி மாணவர் ஒருத்தர், சந்திரசேகர்னு பேரு, தேடிப் போய்ப் பாத்தார். "நீ படிச்ச பழைய குவாண்டம் தியரி எல்லாம் மாறிப்போச்சுப்பா"ன்னு சொல்லி, அச்சுக்குப் போயிருந்த தன் கட்டுரையோட புரூஃபைக் கையில கொடுத்து அனுப்பினார் அவர். சந்திரா உக்காந்து படிச்சார். அடுத்த வருஷமே லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல அவர் கட்டுரை வந்துருச்சு. பிற்பாடு, 1983ல நோபல். ஒரே ஒரு சந்திப்புங்க!

அவராவது பட்டணத்துப் பையன். நம்ம ஊருல இருந்து ராஜபாளையம் தாண்டிப் போனா வத்திராயிருப்பு. ராமன் விளைவுல ராமன் கூட வேலை பாத்த கே.எஸ்.கிருஷ்ணன் ஊரு அது. அவர் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டரா இருந்தப்போ, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பசங்களைக் கூட்டி வச்சு, பிஸிக்ஸ்ல என்ன வேணும்னாலும் கேளுன்னு பேசுவாராம். பக்கத்துக் காலேஜ் பசங்களும் ஓடி வருவாங்களாம். சம்பளம் வேதியியலுக்கு, சோத்து நேரம் பிஸிக்ஸுக்கு!

இங்க பிஸிக்ஸுக்கு என்ன இருக்குன்னும் சிலர் கேக்குறாங்க. பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தென்கோடிப் பக்கமா போறதால, திருநெல்வேலிக்குப் பக்கத்துல கிருஷ்ணாபுரத்துல ஒரு ஆராய்ச்சி நிலையமே வச்சிருக்காங்க. அவங்க ரேடார் மேல்வானத்துக் காத்தை அளக்குது. மகேந்திரகிரியில ராக்கெட் இன்ஜின் சோதனை, கூடங்குளத்துல அணு உலை. அணுசக்தித் துறையில பி.எஸ்ஸியில 60 சதவீதம் வாங்கினவங்களையே உதவித்தொகை கொடுத்துப் பயிற்சிக்கு எடுக்குறாங்க, பிஎச்.டி எல்லாம் வேண்டாம். கோடையில ரெண்டு மாசம் பெரிய விஞ்ஞானிங்க கிட்ட வேலை பழக, இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து உதவித்தொகை தருது. அதுக்கு நம்ம வாத்தியார் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதணும். எழுதச் சொல்லிக் கேக்கவே பிள்ளைங்களுக்குக் கூச்சம்.

மத்தளம்பாறையில ஸோஹோ இருக்குறதால இப்போ கிராமத்துல கூட சாப்ட்வேர் வேலைன்னா என்னன்னு தெரியுது. பக்கத்து வீட்டுப் பையன் போறான் வாறான், கண்ணால பாக்குறாங்க. பிஸிக்ஸ் படிச்சு மேல போனவங்களைத்தான் யாரும் பாக்குறதில்ல. அவங்க எல்லாம் பெங்களூர்லயும் ஜெர்மனியிலயும்ல இருக்காங்க!

ஆனா சீசனுக்கு வந்துருவாங்க :-) ஐந்தருவியில குளியல், பிரானூர் பார்டர்ல பரோட்டா, ரெண்டு நாள்ல கிளம்பிருவாங்க. அண்ணாச்சிமாரே, அக்காமாரே, அதுல ஒரு மத்தியானத்தை மட்டும் கொடுங்க. குற்றாலத்துல பராசக்தி மகளிர் கல்லூரி 1964ல இருந்து இருக்கு. சுரண்டையில அரசுக் கல்லூரி இருக்கு. அக்காமார் வந்தா பிள்ளைங்க கிட்ட ஒரு மணி நேரம், அப்பா அம்மா கிட்ட ஒரு மணி நேரம் பேசுங்க. ஹாஸ்டல் எப்படி, தனியா எப்படிப் போய் வந்தீங்க, இதைத்தான் அவங்க கேப்பாங்க. படிக்கப் போன ஒரு பொம்பளையே வந்து பதில் சொன்னா நம்புவாங்க.

வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாலயே துறைத்தலைவருக்கு ஒரு போன் போட்டுருங்க. ஜூன் கடைசி, ஜூலைன்னா நல்லது, மூணாம் வருஷப் பிள்ளைங்களுக்கு விண்ணப்பத்துக்கு இன்னும் நேரம் இருக்கும். சொற்பொழிவு வேண்டாம். பழைய ஜாம் கேள்வித்தாள் ஒண்ணை பிரிண்ட் எடுத்துட்டு வந்து, அதுல நாலு கணக்கை போர்டுல அவங்களையே போடச் சொல்லுங்க.