வாசலுக்கு வெளியே நின்ற சனம்



அயர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் டிங்கிள் தீபகற்பத்தின் கேலரஸ் ஜெபக்கூடத்தைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கி, கவிழ்த்து வைத்த படகு போல எழுப்பிய கட்டடம். உள்ளே சுமார் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். மேற்கே தாழ்வாக ஒரு வாசல், கிழக்கே சின்னஞ்சிறு சன்னல். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். திருப்பலிக்குக் குருவும் உதவியாளர்களும் நின்றாலே பாதி இடம் போய்விடுமே, ஊர்ச்சனம் எங்கே நின்றது?

அயர்லாந்துக் கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில், இப்படிப்பட்ட சிறு ஆலயங்களில் பலர் வெளியே, மழையிலும் காற்றிலும்தான் நின்றிருக்க வேண்டும். (எல்லா ஆலயமும் இப்படியில்லை. கில்டேரில் பெரிய ஆலயம் இருந்ததாக 7-ஆம் நூற்றாண்டில் கோகிடோசஸ் என்ற துறவி எழுதுகிறார். அங்கே ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல், நடுவே தடுப்பு.) வெளியே நின்றவர்களுக்குப் பீடம் சரியாகத் தெரிந்திருக்காது. காதுதான் துணை. கையில் பிடித்து ஆட்டும் இரும்பு மணிகள் அன்றைக்கு இருந்தன. தகட்டை மடித்து ஆணியடித்து, மேலே வெண்கலம் பூசியவை. புனித பேட்ரிக்கின் மணி என்று போற்றப்படுவதை இன்றும் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மந்திரங்கள் லத்தீனில். ஆனால் சனம் ஒன்றும் புரியாமல் நின்றது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 700-ஐ ஒட்டி எழுதப்பட்ட கம்ப்ரே மறையுரை எனப்படும் உரையில் லத்தீன் வசனத்தோடு ஐரிஷ் விளக்கமும் கலந்தே வருகிறது.

கண்ணுக்கு எட்டாத சடங்கில் இவர்களுக்கு என்ன பங்கு? பங்கு என்றால் நிஜமாகவே பங்குதான். 800-ஐ ஒட்டிய ஸ்டோ மிசல் என்ற சிறிய வழிபாட்டு நூலில், திருப்பலியை விளக்கும் ஐரிஷ் கட்டுரை ஒன்று இருக்கிறது. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் போன்ற பெருநாட்களில் அப்பத்தை 65 துண்டுகளாகப் பிட்டுச் சிலுவை வடிவில் அடுக்கச் சொல்கிறது அது. எந்தப் பகுதி யாருக்கு என்றும் கணக்கு உண்டு. ஆயர்களுக்கும் குருக்களுக்கும் மட்டுமல்ல. குழந்தைகளுக்கு, மனம் வருந்தித் திரும்பியவர்களுக்கு, முறைப்படி மணந்தவர்களுக்கு, முதல்முறையாக நற்கருணை வாங்க வருகிறவர்களுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். இந்த வரிசையைப் படித்த பிறகு, வெளியே நின்றவர்களை வெறும் பார்வையாளர்களாக என்னால் நினைக்க முடியவில்லை. 1868-இல் கிடைத்த ஆர்டா நற்கருணைக் கிண்ணத்துக்கு இரண்டு கைப்பிடிகள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போக வசதியானது.

குளோன்மக்னோய்ஸ் மடத்தில், அதை நிறுவிய புனித கியாரனின் கல்லறை என்று நம்பப்படும் சிற்றாலயம் கேலரஸைவிட இன்னும் சிறியது. அங்கே விவசாயிகள் வேறொன்றும் எடுத்துப்போனார்கள்: தரை மண். வயலின் நான்கு மூலையிலும் தூவினால் பயிருக்குக் காவல் என்பது நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாக அள்ளியதில் உள்தரை தாழ்ந்துபோய், கடைசியில் கற்பலகை பதித்து மூட வேண்டியதாயிற்று.

அன்புடன்,
ஆசிரியர்