கைக்கும் காலுக்கும் கல்வி

திருநின்றவூர் என்ற பெயரைக் கேட்டதும் வைஷ்ணவர்களுக்கு பக்தவத்ஸலப் பெருமாளும் ‘என்னைப் பெற்ற தாயா’ரும் நினைவுக்கு வருவார்கள். திருமகள் வந்து நின்ற ஊர் ஆகையால் இந்தப் பெயர் என்பது வழக்கு. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று என்ற பெருமையும் இதற்கு உண்டு. சைவர்களுக்கோ பூசலார் நாயனாரின் ஞாபகம் வரும். கையில் காசில்லாத அந்த அடியார் மனத்திற்குள்ளேயே சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எழுப்பினார். அதே நாளில் காஞ்சியில் தாம் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்ய எண்ணியிருந்த பல்லவ மன்னன், கனவில் இறைவன் இட்ட கட்டளைப்படி நாளைத் தள்ளி வைத்துவிட்டு, பூசலாரின் கோயிலைத் தேடிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தான் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு.

இந்த வரலாற்றில் சாதாரணமாக யாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பூசலார் கட்டியது மனக்கோயில்தான். ஆயினும் அவர் கண்ணை மூடிக்கொண்டு “கோயில் எழும்பட்டும்!” என்று சொல்லிவிடவில்லை. மனத்திலேயே பொருள் தேடினார், கருவிகள் சேர்த்தார், தச்சர்களை அழைத்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை போட்டு, சிகரம் வரையில் படிப்படியாக எழுப்பினார், கிணறும் குளமும் தோண்டி, மதிலும் வளைத்தார். கற்பனையில் கட்டினாலும் கைத்தொழிலாளி இல்லாமல் கட்ட முடியாது என்பது அந்த மகானுக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் அது இன்னும் நன்றாகத் தெரியவில்லையோ என்று நமக்குச் சந்தேகமாயிருக்கிறது.

திருநின்றவூர் ரயில் நிலையத்தில் காலை வேளையில் நின்று பார்த்தால் இந்தச் சந்தேகம் வலுப்படும். தென்னிந்தியாவிலேயே முதன் முதலாக, 1856-ஆம் ஆண்டில், ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் போட்ட இருப்புப் பாதை இந்த வழியாகத்தான் செல்கிறது. பட்டணத்தை நோக்கிப் புறப்படும் மின்சார ரயிலில் ஏறினால், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி என்று நிலையங்கள் வரிசையாக வரும். பிறகு ஆவடி. 1955-ஆம் வருஷம் ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, ‘சோஷலிஸ பாணிச் சமுதாயமே நமது லட்சியம்’ என்று தீர்மானித்த அதே ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1965-இல் ‘விஜயந்தா’ டாங்கியை வெளியிட்டு, அதன் பிறகு ‘அஜேயா’, ‘அர்ஜுன்’, ‘பீஷ்மா’ என்று புராணப் பெயர்களாகவே சூட்டி வருகிற தொழிற்சாலை அது. மேலும் சென்றால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அதற்கும் அப்பால் பெரம்பூரில் 1955-இல் ஸ்ரீ நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. 2018-இல் ‘வந்தே பாரத்’ வண்டியை முதன் முதலில் உருவாக்கிய பெருமை அதற்குத்தான்.

இவ்வளவு தொழிற்சாலைகளும் ஒரே ரயில் பாதையில் கோத்த மணிகளைப் போல் இருக்கின்றன. அதே ரயிலில் புத்தகப் பையுடன் ஏறும் பிள்ளைகளை நிறுத்தி, “அப்பா, கடைசல் இயந்திரத்தைப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டால் எத்தனை பேர் “ஆம்” என்பார்கள்? ஜன்னல் வழியாகத் தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்திருப்பார்கள். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலே தொழில் கற்பிக்க ஏற்பாடே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி, அதாவது ‘பிளஸ் டூ’ வகுப்பு, ஆரம்பமான போதே அதில் பொதுக் கல்வி, தொழிற்கல்வி என்று இரண்டு பிரிவுகள் வகுக்கப்பட்டன. அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், கட்டடப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், நெசவு, வேளாண்மை, செவிலியம், கணக்குப் பதிவும் தணிக்கையும், அலுவலக மேலாண்மை என்றெல்லாம் பாடங்கள் ஏற்பட்டன. சர்க்கார் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளை செலவில்லாமல் ஒரு தொழிலின் முதற்படியில் கால் வைக்கலாம் என்பது நோக்கம். நல்ல நோக்கம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நோக்கம் ஒன்று, நடந்தது ஒன்று. பத்தாம் வகுப்பில் மார்க்கு அதிகம் வாங்கியவனுக்கு விஞ்ஞானம். நடுத்தரமாய் வாங்கியவனுக்கு வணிகவியல். மிச்சமிருப்பவனுக்குத் தொழிற்கல்வி என்று ஓர் எழுதாத சட்டம் ஏற்பட்டுவிட்டது. எழுதிய சட்டத்தையாவது மாற்றலாம்; எழுதாத சட்டத்தை மாற்றுவது பிரம்மப் பிரயத்தனம்! போதாக்குறைக்கு, ஓய்வு பெற்றுச் சென்ற தொழிற்கல்வி உபாத்தியாயர்களின் இடங்கள் பல நிரப்பப்படாமல் போயின. உபாத்தியாயர் இல்லாவிட்டால் மாணவர் இல்லை. மாணவர் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. இப்படியாகப் பல பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவு சத்தமில்லாமல் கண்ணை மூடியது.

இந்த இடத்தில் சில வாசகர்கள் நம்மை மறித்து, “தொழிற்கல்வி என்ற பெயரில் தச்சன் பிள்ளையைத் தச்சனாகவும், வண்ணான் பிள்ளையை வண்ணானாகவும் நிறுத்தி வைக்கிற யோசனையா இது?” என்று கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதைத் தட்டிக் கழிக்க நமக்கு உத்தேசமில்லை.

1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில் மகாத்மா காந்தி ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்டார். டாக்டர் ஜாகீர் ஹுசேன் தலைமையில் ஒரு கமிட்டி அதற்கு உருவம் கொடுத்தது. நூல் நூற்றல் போன்ற ஒரு கைத்தொழிலை நடுநாயகமாக வைத்து, அதன் மூலமாகவே கணக்கும் பூகோளமும் விஞ்ஞானமும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே தொழிலைக் கற்பார்கள் என்பதே அதன் உயிர்நாடி. 1953-இல் ஸ்ரீ ராஜாஜி முதன் மந்திரியாயிருந்தபோது கிராமப் பள்ளிகளில் கொண்டு வந்த திட்டம் வேறு விதமானது. தினம் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளிக்கூடம். பாக்கி நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் சூட்டி மக்கள் அதைப் பலமாக எதிர்த்தார்கள். 1954-இல் ஸ்ரீ காமராஜ் பதவிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்நாட்டில் பலர் புருவத்தை நெரிப்பதற்கு அந்த அனுபவம் ஒரு முக்கிய காரணம். அந்தச் சந்தேகத்தை நாம் மதிக்கிறோம்.

ஆனால் சூடு கண்ட பூனை பாலையே வெறுக்க வேண்டியதில்லை. பால் சூடாயிருக்கிறதா என்று பார்த்துக் குடித்தால் போதும். பிறப்பினால் வாய்த்த தொழில் வேறு. விருப்பத்தினால் தேர்ந்த தொழில் வேறு. முன்னது சிறை, பின்னது வாசல். ஒரு தொழிற்கல்வி சிறையா, வாசலா என்று அறிய மூன்று கேள்விகள் கேட்டால் போதும் என்பது நம் அபிப்பிராயம்.

முதல் கேள்வி: பிள்ளை அதைத் தானாக விரும்பி எடுத்ததா, அல்லது மார்க்குப் பட்டியல் அதன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதா? இரண்டாவது: அதைப் படித்தவன் மேலே போக விரும்பினால் கதவு திறந்திருக்கிறதா? மூன்றாவது: வக்கீல் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் அதே பட்டறை மேஜையில் நிற்கிறார்களா?

இரண்டாவது கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஓரளவு நல்ல பதிலே கிடைக்கிறது. தொழிற்கல்விப் பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக் பள்ளியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே டிப்ளமா பெற்றவர்கள் பொறியியல் கல்லூரியிலும் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கல்லூரிகளில் தொழிற்கல்வி மாணவர்களுக்கென்று தனியாகச் சில இடங்களும் உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும், 2021-இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கியும் சட்டம் செய்திருக்கிறார்கள். ஏணி இருக்கிறது. ஏணி இருக்கும் சங்கதியைத்தான் பல பெற்றோர்களுக்கு யாரும் சொல்லுவதில்லை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1969-ஆம் ஆண்டில், தாமஸ் எடிஸன் பெயரால் வழங்கிய ஓர் உயர்தரப் பள்ளியில் மின்சாரத் தொழிலுக்கென்று ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார்கள். பள்ளியை விட்டு இடையில் நின்றுவிடும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவது அதன் நோக்கம். தொழிலையும் பொதுப் பாடங்களையும் பிரிக்காமல், ஒரே சிறு கூட்டமாகப் பிள்ளைகளை வைத்துச் சில வருஷங்கள் சேர்த்துக் கற்பித்தார்கள். அந்தத் தேசம் முழுவதும் அதைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான பிரிவுகள் எழுந்தன. ஜெர்மனியிலோ தொழில் பயிலும் வாலிபர்கள் வாரத்தில் சில நாள் தொழிற்சாலையிலும் சில நாள் பள்ளியிலும் கழிக்கிறார்கள். 1969-இல் அதற்கென்று ஒரு தேசியச் சட்டமே செய்தார்கள். நம் நாட்டிலும் 1961-ஆம் வருஷத்திய தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே பள்ளிக்கூடங்களை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வாரம் ஒரு நாளாவது பட்டறைக்குள் அழைத்துப் போக முடியாதா?

கையைப் பற்றிச் சொன்னோம். இனிக் காலைப் பற்றிச் சொல்வோம். தொழிற்கல்விக்கு நேர்ந்த கதியேதான் விளையாட்டுக்கும் நேர்ந்திருக்கிறது.

தேகப்பயிற்சி உபாத்தியாயர்களைத் தயார் செய்வதற்கென்றே 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஒரு கல்லூரி தொடங்கினார். ஆசியாக் கண்டத்திலேயே இவ்வகையில் அதுதான் முதல் என்று சொல்வார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய கோஷ்டியுடன் சென்றவரும் அவரே. அப்படிப்பட்ட ஊரில் இன்று ‘பி.டி. பீரியட்’ என்பது கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சொத்தாக இருந்து வருகிறது! பரீட்சை நெருங்க நெருங்க வட்டியும் சேர்த்து வாங்கிவிடுகிறார்.

இத்தனைக்கும் சர்க்கார் பள்ளிகளில் அருமையான சம்பிரதாயம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் குறுவட்டப் போட்டிகள் நடக்கின்றன. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மோதுகின்றன. வென்றவர்கள் மாவட்டத்திற்கும், அங்கே வென்றவர்கள் மாநிலத்திற்கும் போகிறார்கள். பாரதியார் தினத்தின் பெயராலும் குடியரசு தினத்தின் பெயராலும் நடக்கும் இப்பந்தயங்களில் காலில் பூட்ஸ் இல்லாமல் ஓடி ஜயித்த பிள்ளைகள் உண்டு. நம் சடுகுடுவையே பாருங்கள். 1990-இல் பீக்கிங் ஆசியப் பந்தயங்களில் அதைச் சேர்த்தார்கள். இந்தியா தங்கம் பெற்றது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் பந்தயங்களில் இந்தியாவின் பெண்களும் பிள்ளைகளும் சடுகுடுவில் தங்கம் வென்றார்கள். அந்தக் கோஷ்டிகளில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும், திருவாரூர் மாவட்டத்து வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் இருந்தார்கள். குடிசை மாற்றுக் குடியிருப்பிலிருந்து ஒருவர், கிராமத்திலிருந்து ஒருவர். மைதானம் யாருடைய விலாசத்தையும் கேட்பதில்லை.

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில்வேயும் போலீஸ் இலாகாவும் விளையாட்டுக்காரர்களைத் தேடி வேலைக்கு எடுத்துக் கொள்கின்றன. அதுவும் ஒரு பிழைப்புத்தான். ஆனால் அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. தோற்றவன் வென்றவனோடு கைகுலுக்கிவிட்டு மறுநாள் காலையில் திரும்பவும் மைதானத்திற்கு வருகிறானே, அந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் கற்பிக்காது. பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் விபரீத முடிவுக்குப் போகிற இந்தக் காலத்தில் அது சின்னப் பாடமல்ல.

சர்க்காருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. 2012-ஆம் ஆண்டில் ஓவியம், தேகப்பயிற்சி, கைத்தொழில் முதலியவற்றிற்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் நியமித்தார்கள். பிற்பாடு சம்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். கையையும் காலையும் பகுதிநேர அவயவங்களாக ஆண்டவன் படைக்கவில்லை. அவற்றுக்குக் கற்பிப்பவர் மட்டும் ஏன் பகுதிநேரக்காரராயிருக்க வேண்டும்? மூடிய பிரிவுகளைத் திறவுங்கள். முழுநேர உபாத்தியாயர்களைப் போடுங்கள். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவர்களுக்கு வழி காட்டுவதாகச் சொல்கிறது. வழி காட்டுவது நல்லது. வழியில் பட்டறையும் மைதானமும் இருப்பது அதைவிட நல்லது.

ஆனால் சர்க்காரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக் கொள்வது நியாயமாகாது. நம் போன்ற படித்த குடும்பங்களில் தொழிற்கல்வியைப் போற்றாதவர் யார்? சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “எல்லோரும் பி.ஏ. படித்தால் யார் குழாய் ரிப்பேர் செய்வது?” என்று கேட்காதவர் யார்? அந்தக் கேள்வியில் ‘எல்லோரும்’ என்பது அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான் குறிக்கிறது என்பதில்தான் சங்கடம். சொந்தப் பிள்ளை, “எனக்கு இயந்திரவியல் பிரிவு பிடித்திருக்கிறது” என்று சொன்னால் வீட்டில் ஒரு வேளை சமையல் நடக்காது! சொந்தப் பெண், “சடுகுடு கோஷ்டியில் சேருகிறேன்” என்றால் இரண்டு வேளை நடக்காது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது சர்க்கார் அல்ல. வாசகர்களாகிய நீங்களும் நாமுந்தான். எந்தப் படிப்பு ஏழைப் பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கப்படுகிறதோ, அந்தப் படிப்பின் உபாத்தியாயர் இடம் காலியாயிருந்தால் கேட்பாரில்லை. அதன் இயந்திரம் துருப்பிடித்தாலும் கேட்பாரில்லை. நாலு பேரும் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பினால் மறுமாதமே எண்ணெய் வந்துவிடும்.

ஆகவே, வரும் வைகாசியில் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும், மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “உனக்கு எதில் ஆசை?” என்று ஒரு தரம் கேளுங்கள். பதில் வரும் வரையில் பொறுமையாயிருங்கள். அந்தப் பதில் பட்டறையாயிருந்தாலும் சரி, மைதானமாயிருந்தாலும் சரி, சமையல் நிற்க வேண்டாம்!