மைக் செட்டுக்கு வாடகை ஒன்றுதான்

அரசுப் பள்ளிகளின் ஆண்டு விழா நிதியை மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பங்கிடும் முறை மாற வேண்டும். சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிராம உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு என்பதற்காக மைக் செட், பந்தல் வாடகையை யாரும் குறைத்துக்கொள்வதில்லை. நகரிலிருந்து ஏற்றிவரும் வண்டிக் கூலி வேறு. துண்டு விழும் பணத்துக்கு ஊர்ப் புரவலர்களை நாடினால், மேடையில் சால்வைகள் கூடும், பிள்ளைகளின் நேரம் சுருங்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் விழா எதற்கு என்பாரும் உண்டு. அதற்குத் தேதியை ஜனவரிக்கு முன்னகர்த்தினால் போதும். விழாவையே கைவிட வேண்டியதில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகள் இருக்கின்றனவே என்றால், அவை வென்றவர்களையே அடுத்த கட்டத்துக்கு அழைத்துச் செல்கின்றன. வெல்லாத பிள்ளைக்கும் மேடை தருவது ஆண்டு விழாதான். எல்லாப் பள்ளிக்கும் ஓர் அடிப்படைத் தொகையை நிர்ணயித்துவிட்டு, அதற்கு மேல் எண்ணிக்கை பார்க்கட்டும் பள்ளிக் கல்வித் துறை.