பிள்ளையின் முதல் துப்பாக்கி: மறுக்கும் முன்னும் வாங்கும் முன்னும்

"வாப்பா, நானும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பழக வேண்டும்" என்று பிள்ளை கேட்டால், நம் வீடுகளில் முதலில் எழுவது அச்சமே. 'நமக்கு எதற்கு இந்த வம்பு? அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்?' என்று பேச்சை அத்துடன் முடித்துவிடுகிறோம். அந்த அச்சம் காரணமற்றது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், சட்டத்திற்கு உட்பட்டு, பயிற்சியாளரின் கண்முன் வெளிப்படையாகப் பழகும் ஒரு விளையாட்டை, பிறர் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகளுக்கு மறுப்பது முறையன்று என்பதே நம் கருத்து.

அம்பெய்தலை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் அம்புகளுடன் செல்பவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று பணித்தவர்களும் அவர்களே. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும், உயிருள்ளதை இலக்காக நிறுத்துவதையும் கடுமையாகக் கண்டித்தார்கள். குறி வைக்கும் திறனும் பிறரைக் காக்கும் ஒழுக்கமும் நம் மார்க்கத்தில் சேர்த்தே கற்பிக்கப்பட்டுள்ளன. முதல் துப்பாக்கியைத் தேர்வு செய்வதிலும் இந்த இரண்டையும் நாம் பிரிக்கக் கூடாது.

தொடங்கும் பிள்ளைக்கு உகந்தது 10 மீட்டர் போட்டிக்கான காற்றுத் துப்பாக்கியே. அதில் வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்றே 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் செலுத்துகிறது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. எனினும் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்தே வாங்க வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்துவது பெற்றோரின் பொறுப்பு. தோட்டாவைப் பயன்படுத்தும் .22 ரைஃபிளுக்கு உரிமம் கட்டாயம். அது தொடக்கத்திற்கு உரியதுமன்று.

காற்றுத் துப்பாக்கியிலும் வகைகள் உண்டு. குழலை மடித்துச் சுருள்வில்லை இறுக்கும் வகை விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதை மடிக்கச் சிறு கைகளுக்கு வலிமை போதாது, சுடும்போது அதிர்வும் மிகுதி. உருளையில் முன்கூட்டியே காற்றை நிரப்பிக்கொள்ளும் வகையில் அதிர்வு மிகக் குறைவு. இன்று போட்டியாளர்கள் பெரிதும் பயன்படுத்துவது இதுவே. இலக்கின் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், இந்த வேறுபாடு சிறியதன்று.

விலையைவிட அளவு முக்கியம். போட்டி விதிகள் 5.5 கிலோ எடை வரை அனுமதிக்கின்றன; அந்த எடையை வளரும் முதுகின் மீது ஏற்றலாகாது. தோளில் பதியும் கட்டையின் நீளமும் கன்னம் சாயும் பகுதியின் உயரமும் மாற்றத்தக்கவையாக இருத்தல் நன்று. பிள்ளையின் ஆதிக்கக் கண் வலதா, இடதா என்பதையும் முதலிலேயே அறிய வேண்டும்.

ஆகவே, உடனே கடைக்கு ஓட வேண்டாம். முதல் சில மாதங்கள் பயிற்சிக் கழகத்தின் துப்பாக்கியிலேயே பழகட்டும். ஆர்வம் நிலைக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும், வீண்விரயமும் தவிர்க்கப்படும். பழைய துப்பாக்கியை வாங்குவோர் காற்று உருளையில் பொறிக்கப்பட்ட ஆண்டைப் பார்க்கட்டும். போட்டித் துப்பாக்கி உருளைகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகளே ஆயுள் குறிக்கின்றனர்.

பெண் பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். இவ்விளையாட்டின் உடை உடலை முழுதும் மறைப்பது. கத்தார் நாட்டின் பஹிய்யா அல்ஹமத் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்று, இதே 10 மீட்டர் போட்டியில் பங்கேற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இந்தப் போட்டியில்தான் உலகளவில் பெயர் பெற்றார்.

துப்பாக்கி வீட்டிற்கு வந்த பின் சில விதிகள் தளரக் கூடாது. சுடாத நேரத்தில் குண்டு ஏற்றியிருக்கக் கூடாது. பூட்டிய பெட்டியில் வைத்து, சாவியைப் பெரியவரே வைத்திருக்க வேண்டும். மனிதரையோ பறவையையோ நோக்கி விளையாட்டுக்கும் நீட்டக் கூடாது. ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. இவற்றை ஏற்க இயலாத பிள்ளைக்கு இன்னும் காலம் வரவில்லை. ஏற்கும் பிள்ளைக்கோ, மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, காத்திருந்து சுடும் இப்பயிற்சி பொறுமையின் பாடமாகவும் அமையும், இன்ஷா அல்லாஹ்.