மன உறுதி என்னும் வசவு

இலக்கியக் கூட்டம் முடிந்து அறைக்குத் திரும்பும் இரவுகளில் நாம் இரண்டு கதைகளை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். முதற்கதையில், குடித்தே அழிந்த படைப்பாளி மேதையாகிறான். இரண்டாவதில், அதே குடியிலிருந்து வெளிவர முயன்று மூன்றாம் முறையும் வழுக்கி விழுந்த நண்பன் 'மன உறுதி இல்லாத ஆள்' ஆகிறான். போத்தல் நம் முன்னே திறந்திருக்கும்போதே இதைச் சொல்ல நாம் கூசுவதில்லை.

இவ்விரு கதைகளும் உண்மையில் ஒன்றேதான். அழிவையும் மீட்சியையும் தனியொருவனின் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், சுற்றி உட்கார்ந்திருக்கும் நமக்குச் செய்வதற்கு ஏதுமில்லை. கைதட்டலாம், அல்லது உச்சுக்கொட்டலாம்.

உளவியலார் பேசுகிற மீண்டெழும் திறனை நாம் 'மன உறுதி' என்றே புரிந்துகொண்டிருக்கிறோம். கேடு தொடங்குவது இங்கேதான். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். சாதாரணப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே போதைக்கு அடிமையாகியிருந்தார். ஹெராயினைத் தொட்டவனுக்கு மீட்சியில்லை என்று நாடே நம்பியிருந்த காலம் அது. ஊர் திரும்பிய முதல் பத்து மாதங்களில் மறுபடியும் அடிமையானவர்களோ, அவ்வாறு அடிமையாகியிருந்தவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே. மூன்றாண்டுகளில், சிறிது காலத்துக்கேனும் மீண்டும் அடிமையானவர்களைக் கணக்கிட்டாலும் 12 விழுக்காடுதான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை.

இதையே மன உறுதிக்குச் சான்றாக நீட்டுகிறவர்கள் உண்டு. நாம் கேட்கிறோம்: ஒரே விமானப் பயணத்தில் அத்தனை பேருக்கும் வைராக்கியம் பிறந்துவிட்டதா? மனிதன் அதே மனிதன். மாறியது இடம். மலிவாகக் கைக்கெட்டிய சரக்கும், சேர்ந்து புகைத்த கூட்டாளிகளும், சாவை எதிர்பார்த்துக் கிடந்த சலிப்பும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. சிகிச்சை முடிந்து, தான் குடித்த அதே தெருவுக்கே திரும்புகிற நம் நண்பனுக்கு அந்தக் கடல் வாய்ப்பதில்லை.

படைப்பாளிகளிடமே வருவோம். 1973இல் அயோவாவில் எழுத்துப் பயிற்றுவிக்கச் சென்ற ஜான் சீவரும் ரேமண்ட் கார்வரும் சேர்ந்து குடித்தது நம் வட்டத்தில் ரசித்துச் சொல்லப்படும் கதை. அடுத்து நடந்ததை யாரும் சொல்வதில்லை. சீவர் 1975இல் நியூயார்க்கில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து மீண்டார். 'ஃபால்கனர்' 1977இல் வந்தது. கார்வர் பலமுறை மருத்துவமனைக்கும் மீட்பு இல்லங்களுக்கும் போய்வந்த பிறகே 1977 ஜூன் 2இல் குடியை நிறுத்தினார். அதன்பின் சிறிது காலம் எழுதவே இல்லை. 'கதீட்ரல்' 1983இல் வெளியானது. குடியைவிட்டதே தம் வாழ்வின் ஆகப்பெரிய பெருமிதம் என்று அவர் நேர்காணலொன்றில் சொன்னார். அவருக்குத் துணைநின்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935இல் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கியது. அதன் பன்னிரண்டு படிகளில் முதலாவது, குடியின் முன் தனக்குச் சக்தியில்லை என்று ஒப்புக்கொள்வது. மன உறுதியைப் போற்றும் நம் கனவான்கள் இந்த முதற்படியிலேயே தடுக்கி விழுவார்கள். (கார்வரையும் வீரநாயகனாக்கிவிட வேண்டாம். அவர் முதல் மருத்துவமனையிலேயே மீண்டுவிடவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.)

அப்படியானால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. முதல் அடியை அவன்தான் வைக்க வேண்டும். ஆனால் வெறும் வைராக்கியம் ஆளையே கொல்லவும் கூடும். நம் ஊர்களில் கோயிலில் கயிறு கட்டி, குடியை ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்த உடல் அப்படித் திடீரென நிறுத்தும்போது இரண்டாம் மூன்றாம் நாளில் கைகால் நடுங்கி, வலிப்பு வந்து, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றுவதுண்டு. மருத்துவம் கிட்டாவிட்டால் அது உயிரையே குடிக்கும். அந்த நடுக்கம் தாளாமல் மறுபடி குடித்தவனைப் பார்த்து நாம் உதிர்க்கும் சொல்தான் 'உறுதியில்லை'. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு மருத்துவரும் படுக்கையும் சில நாள் மருந்தும். அதன்பின் ஒரு வேலை, மாலை ஆறு மணிக்குப் போய் உட்கார ஓர் இடம், மறுபடி வழுக்கினாலும் கதவைச் சாத்தாத நாலு பேர். மீண்டெழும் திறன் என்பது பெரும்பகுதி இவற்றால் ஆனதே. பிறவிக் குணம்போல அதை எவரும் நெஞ்சுக்குள் சுமந்து வருவதில்லை.

நம்மிடம் அந்த நாலு பேர் இருக்கிறார்களா? குடியை விட்ட நண்பர்களை நாம் ஓசையின்றிக் கழற்றிவிடுகிறோம். 'அவர் இப்போதெல்லாம் சுவாரஸ்யமாக இல்லை' என்கிறோம். கூட்டத்துக்கு அழைப்பிதழ் அனுப்புகிறோம், அவரும் வருகிறார், கட்டுரை வாசிக்கிறார், பொன்னாடை போர்த்துகிறோம். எட்டு மணிக்கு நாமெல்லாம் மாடியறைக்கு ஏறும்போது அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறார்.